மடக்குக் கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது பிடி

கேள்வி இதுதான்: "தாத்தா வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து மடக்குக் கத்தி ஒன்று வீட்டில் கிடைத்தது. பிடி பழுப்பு நிறம், மேடுபள்ளமாக இருக்கிறது. சிலர் மான் கொம்பு என்கிறார்கள், சிலர் எலும்பு என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் பார்த்ததிலிருந்து பழைய பாணிக் கத்திகளைச் சேர்க்க ஆசை. எந்தப் பிடி போட்டதை வாங்கலாம், எதைத் தினமும் பையில் வைத்துக்கொள்ளலாம்?"

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அலகின் எஃகைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்கள் பிடியைக் கேட்டிருக்கிறீர்கள், அதுவே சரியான இடம். பழைய பாணி மடக்குக் கத்தியில் அலகும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் நூறு வருடமாகப் பெரிதாக மாறவில்லை. முதுகுப் பக்கம் ஒரு தட்டையான ஸ்பிரிங் இருக்கும், அது அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டிருக்கும். திறந்தாலும் மூடினாலும் அந்த அழுத்தம்தான் அலகை நிறுத்தி வைக்கிறது, பூட்டு எதுவும் கிடையாது. இந்த அமைப்பை ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். ஒரு கத்தி எந்தக் காலத்தது, யாருக்காகச் செய்தது, எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏன் இந்த விலை என்பதையெல்லாம் அதிகமாகச் சொல்வது பிடிதான்.

உங்கள் கையில் இருக்கும் கத்திக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். பிடியின் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மான் கொம்பு என்றால் மேடுபள்ளம் இயற்கையாக ஓடும். நீளவாக்கில், ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் போல மறுபக்கம் இருக்காது. மேடுகள் தேய்ந்து வெளிர் மஞ்சளாகவும் பள்ளங்கள் கரும்பழுப்பாகவும் தெரியும். ஓரத்தில் கொம்பின் உட்பகுதி எட்டிப் பார்த்தால் அங்கே பஞ்சு போன்ற நுண்துளைகள் இருக்கும். எலும்பு என்றால் பள்ளங்கள் கருவியால் வெட்டியவை. ஒரே அளவில் வரிசையாக வரும், இரண்டு வெட்டுக்கு நடுவே வழவழப்பான இடம் இருக்கும். அந்த வழவழப்பில் ஊசி முனை அளவுக்குக் கருப்புப் புள்ளிகளோ மெல்லிய கோடுகளோ தெரிகிறதா என்று பாருங்கள். உயிரோடு இருந்தபோது ரத்தக் குழாய்கள் ஓடிய தடம் அது. பிளாஸ்டிக்கில் அது இருக்காது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். எழுபது எண்பது வருடம் தப்பித்து வந்த பொருளில் நிரந்தரமாக ஓட்டை விழும்.

பழைய ஷெஃபீல்டு கத்தி என்பதாலேயே மான் கொம்பு என்று முடிவு கட்ட வேண்டாம். எலும்பில் பள்ளம் வெட்டும் வழக்கமே மான் கொம்பைப் போலக் காட்டத் தொடங்கியதுதான். கொம்பு விலை அதிகம், எலும்பு மலிவு. மாட்டின் கீழ்க்கால் எலும்பைப் பட்டையாக அறுத்து, பள்ளம் வெட்டி, சாயம் ஏற்றினால் தூரத்திலிருந்து கொம்பு மாதிரியே இருக்கும். பிறகு அந்தப் பள்ளம் வெட்டும் வேலையே தனிக் கலையாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ரோஜர்ஸ் என்ற நிறுவனம் கத்திக் கம்பெனிகளுக்கு எலும்பை வெட்டிச் சாயமேற்றிக் கொடுத்தது. சிவப்பு கலந்த பழுப்பில் குட்டையான வெட்டுகள் நெருக்கமாக வருவதைச் சேகரிப்பவர்கள் இன்றும் ரோஜர்ஸ் எலும்பு என்றுதான் சொல்வார்கள். நீளநீளமான வெட்டுகள் வரும் விண்டர்பாட்டம் பாணி இன்னொன்று. பழகிய கண் வெட்டைப் பார்த்தே எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்று ஓரளவு சொல்லிவிடும்.

மான் கொம்பின் கதை நம் காட்டில் தொடங்குகிறது. நூறு வருடத்துக்கு மேலாக ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் அமெரிக்கக் கம்பெனிகளும் முதல் தரம் என்று வாங்கியது இந்தியக் கடமானின் கொம்பை. தென் மாவட்டங்களில் மிளா என்பார்களே, அதே மான். ஐரோப்பிய, அமெரிக்க மான்களின் கொம்பில் நடுவே மென்மையான சோறு அதிகம். அறுத்துப் பட்டையாக்கினால் தாங்காது. கடமான் கொம்பு உள்ளே வரை கெட்டி, மேல்பட்டையின் வரியும் ஆழம். ஆண்டுதோறும் மான் தானாக உதிர்க்கும் கொம்பைக் காட்டோர மக்கள் பொறுக்கிக் கொடுக்க, அது கப்பலேறிப் போனது. 1990-களின் இறுதியில் இந்தியா இந்த ஏற்றுமதியை நிறுத்தியது. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டையாடிய கொம்பும் கலந்து போவதைப் பிரித்துப் பார்க்க வழியில்லாததால் அந்தத் தடை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அதன்பின் கம்பெனிகள் பழைய கையிருப்பை வைத்தே ஓட்டின, விலை ஏறியது. இன்று பழைய கடமான் கொம்புப் பிடிக் கத்திக்கு வெளிநாட்டில் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இந்தத் தட்டுப்பாட்டுக்கானது.

அதனால் இந்தியாவில் இருக்கும் நீங்கள் மான் கொம்புப் பிடிக் கத்தியை வாங்கவோ விற்கவோ இறங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் கொம்பும் கொம்பில் செய்த பொருளும் கட்டுப்பாட்டில் வருகின்றன. உதிர்ந்த கொம்புதானே என்ற வாதம் நிற்காது. குடும்பச் சொத்தாக வந்ததற்கும் உரிமைச் சான்று வேண்டும். 2003-ல் இப்படிப்பட்ட பொருள்களை அறிவிக்க ஒரு கால அவகாசம் கொடுத்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. உங்கள் கத்தி கொம்பு என்று தெரியவந்தால், படம் எடுத்து இணையத்தில் விலை கேட்பதற்கு முன் விவரம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். எலும்பு என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அடுத்து எந்தப் பிடி நல்லது என்பது. என் முதல் ஓட்டு எலும்புக்கே. மலிவு என்பதற்காக அல்ல. சாயம் எலும்பின் மேலே கொஞ்ச ஆழம்தான் இறங்கும். தினமும் பாக்கெட்டில் இருந்து விரல் பட்டுத் தேயத் தேய, மேடுகள் வெளுத்து, பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கி, கடையில் எந்தக் கத்தியிலும் கிடைக்காத ஒரு தோற்றம் வரும். அதை வேகமாக்க வழியில்லை. எலும்புக்கு ஆகாதது தண்ணீர். ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பிடியைப் பிடித்திருக்கும் பித்தளை ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல் விழுவது பெரும்பாலும் இதனால்தான். பழம் நறுக்கியபின் அலகை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள், குழாயடியில் காட்டாதீர்கள்.

1960-களில் அமெரிக்கக் கம்பெனிகள் எலும்புக்குப் பதில் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறத் தொடங்கின. டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனம் அதைக் கண்டுபிடித்தது. சுருங்காது, விரிசல் விடாது, எலும்பு போலவே வார்க்கலாம். சேகரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வையில் உடன்பாடில்லை. வயலிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் விரும்பி வாங்கியது இதைத்தான். குறிப்பாகக் கேஸ் (Case) என்ற அமெரிக்கக் கத்திக் கம்பெனியின் மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும். கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது, தினமும் உபயோகிக்க வேண்டும் என்றால் அந்த மஞ்சள் பிடியோடு குரோம் வனேடியம் எஃகு (கார்பன் எஃகில் ஒரு வகை) அலகு உள்ளதை வாங்குங்கள். அந்த விலைக்கு அதைவிட உழைக்கிற பழைய பாணிக் கத்தியை எனக்குத் தெரியாது.

செல்லுலாய்டைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. 1870-களில் வந்த, பிளாஸ்டிக்குகளில் மிகப் பழையவற்றில் ஒன்று இது. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. ஆமை ஓடு போல, முத்துச்சிப்பி போல, மிட்டாய்க் கோடு போட்டது போல என்று எந்த வண்ணத்திலும் வார்த்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கத்திகளில் கண்ணைப் பறிக்கிற பிடிகள் எல்லாம் பெரும்பாலும் இதுவே. கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், கண்டுபிடிக்க அது போதும். சிக்கல் என்னவென்றால் வயதாக வயதாக இது சிதையும். சிதையும்போது வெளிவரும் அமில ஆவி அந்தக் கத்தியின் அலகை மட்டுமல்ல, அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். சீக்கிரம் தீப்பற்றவும் செய்யும். நம் ஊர் வெயிலில் மூடிய டப்பாவில் வைத்தால் இன்னும் வேகம். பித்தளை உள்தகட்டில் பச்சை பூத்திருந்தால், பிடி வெளிறிச் சுருங்கியிருந்தால், அந்தக் கத்தியை உடனே தனியாகக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். ஆரம்பத்தில் செல்லுலாய்டே வேண்டாம் என்பது என் கருத்து.

மைக்கார்ட்டாவும் பழைய பொருள்தான். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி 1910 வாக்கில் மின்காப்புக்காகச் செய்தது. துணியையோ தாளையோ அடுக்கி, பிசின் ஏற்றி, சூட்டில் அழுத்தினால் கிடைக்கும் பலகை. வியர்வை, மழை, எண்ணெய் எதற்கும் அசையாது. கேன்வாஸ் துணியில் செய்தது கையில் வழுக்காது, கை எண்ணெய் ஏறிக் கருத்து வரும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் தினமும் பாக்கெட்டில் வைக்க எலும்பைவிட இது கவலை குறைவு. அழகில் எலும்புக்கு ஈடாகாது என்பது என் கண்ணுக்கு.

மரப்பிடிக்கு நல்ல உதாரணம் பிரான்சின் ஒப்பினெல். ஆல்ப்ஸ் மலையடியில் சவாய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-ல் உருவாக்கியது. ஒரு பீச் மரக் கட்டை, ஓர் அலகு, ஓர் இரும்பு வளையம், ஓர் ஆணி, அவ்வளவே. 1955-ல் திருகிப் பூட்டும் வளையமும் சேர்ந்தது. நனைந்தால் மரம் உப்பி அலகு உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்போது பிடியின் பின்முனையை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும், சவாய்க்காரர்கள் வழி அது. விலை குறைவு, பிடியைச் செதுக்கிப் பழகலாம், கெட்டாலும் மனம் நோகாது. ஈட்டி மர வகைப் பிடிகள் வேறு தரம். அந்த மர இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நாடு தாண்டி வாங்கும்போது நினைவில் இருக்கட்டும்.

எருமைக் கொம்பு, மாட்டுக் கொம்புப் பிடிகள் பிரான்சின் லகியோல் கத்திகளில் மிக அழகாக வரும். ஆனால் நெளியும், ஏடு ஏடாகப் பிரியும், பூச்சியும் அரிக்கும். முத்துச்சிப்பிப் பிடியோ, கோட்டும் வெயிஸ்ட்கோட்டும் போட்ட கனவான்களுக்காகச் செய்தது. சில்லறை, சாவியோடு போட்டால் உடைந்துவிடும். யானைத் தந்தம் பக்கம் போகவே வேண்டாம்.

சேகரிப்பதற்கு என் யோசனை: கண்ணில் பட்டதை எல்லாம் வாங்காமல் ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, அதை வெவ்வேறு பிடிகளில் தேடுங்கள். பிடிப் பொருள்களின் வித்தியாசம் அப்போதுதான் கைக்குப் புரியும். இதற்கு மிக வசதியானது பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு நகரத்துக் கேஸ் கம்பெனி. அவர்கள் அலகில் அடிக்கும் எண்ணிலேயே கதை இருக்கிறது. முதல் இலக்கம் பிடி, இரண்டாவது எத்தனை அலகு, மீதி வடிவம். 6254 என்றால் 6 எலும்பு, 2 அலகு, 54 என்பது டிராப்பர் என்ற வடிவம். அதே கத்தி மஞ்சள் பிடியில் 3254, மான் கொம்பில் 5254. 2138 என்றால் கருப்புப் பிடி, ஒரே அலகு, சாட்பஸ்டர் என்ற உழவர் கத்தி. முதல் இலக்கம் 6 இருந்தும் சில காலக் கத்திகளில் எலும்பு போல வார்த்த டெல்ரின் இருக்கும். அதனால் எண்ணை நம்பினாலும் பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காதீர்கள்.

வருடம் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. 1970-ல் கேஸ் தன் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒன்றைக் குறைத்துக்கொண்டே போனது. 1971-க்கு ஒன்பது, 1975-க்கு ஐந்து. 1980-ல் முத்திரையில் எஸ் எழுத்தை மின்னல் போல மாற்றி மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். பிறந்த வருடத்துக் கத்தியைத் தேடுவது பலரைச் சேகரிப்புக்குள் இழுத்து வந்த நல்ல தொடக்கம். அதே மாநிலத்தில் டைட்டஸ்வில் ஊரில் 2006-ல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி பழைய முறையில் கார்பன் எஃகில் சிறு சிறு தொகுதிகளாகச் செய்கிறது. வேலை அருமை. ஒரு தொகுதி விற்றுத் தீர்ந்ததும் மறுவிற்பனையில் விலை ஏறிவிடும், அந்தப் போட்டியில் முதல் வருடமே இறங்க வேண்டாம்.

பழைய கத்தி வாங்கும்போது பிடியில் நான் பார்ப்பது ஆணிகளைச் சுற்றி விரிசல், பிடிக்கும் உலோக முனைக்கும் நடுவில் இடைவெளி, இரண்டு பக்கத்திலும் நிறமும் வெட்டும் பொருந்துகிறதா என்பது. ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் பிடி மாற்றியது. அலகைப் பாதி திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் உறுதியாக இழுத்து, மூடும்போது டக்கென்று சத்தம் வர வேண்டும். பலமுறை சாணை பிடித்து ஒல்லியான அலகுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். வாங்கியபின் பளபளவென்று மெருகேற்றவும் கூடாது. பழைய நிறத்தைத் துடைத்த கத்திக்குச் சேகரிப்பவர் யாரும் நல்ல விலை தர மாட்டார்.

கார்பன் எஃகு அலகு சாம்பல், நீலம், கருப்பு என்று நிறம் மாறும். வாழைப்பூ நறுக்கிய பழைய அரிவாள்மனை கருத்திருக்குமே, அதே விஷயம். அது அலகைக் காக்கும், தேய்த்து எடுக்க வேண்டாம். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் அது துரு, அதை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் எடுங்கள். மூட்டுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்து வைக்கும். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பதும் தவறு. தோல் ஈரத்தை இழுத்து அலகையும் பித்தளையையும் கெடுக்கும். துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

பையில் வைத்துக்கொள்வதற்கு அளவு முக்கியம். டிராப்பர் மூடிய நிலையில் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், பேன்ட் பாக்கெட்டில் கனமாகத் தெரியும். கேஸின் பீனட் என்ற சின்ன வடிவம் மூன்று அங்குலம்கூட இல்லை. சட்டைப்பையிலும் அடங்கும், கடிதம் பிரிக்க, ஆப்பிள் நறுக்க, நூல் அறுக்கப் போதும். நடுத்தர ஸ்டாக்மேன் என்ற வடிவம் இரண்டுக்கும் நடுவில். மூன்று அலகு இருக்கும், அதில் ஒன்று கன்றுகளுக்குக் காயடிப்பதற்காகவே அமைந்தது. சாவி, சில்லறை இல்லாத பாக்கெட்டில் தனியாக வையுங்கள், பிடி பிழைக்கும்.

இந்தியாவில் 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும், வீட்டு, விவசாய வேலைக்கல்லாத அலகுகளுக்குத்தான் ஆயுத விதிகளில் உரிமம். இந்தச் சின்னக் கத்திகள் அந்த அளவுக்கு அருகில்கூட வராது. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்றும் இல்லை. விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போடுங்கள். நீதிமன்றம், மெட்ரோ, பொதுக்கூட்டம், கோயில் திருவிழா என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். லண்டனில் இருக்கும் உறவினருக்குப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், அங்கே 3 அங்குலத்துக்கு மேற்படாத வெட்டும் விளிம்பும், பூட்டு இல்லாத மடக்கு அமைப்பும் உள்ள கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். வளையப் பூட்டு உள்ள ஒப்பினெல் அந்தச் சலுகையில் வராது. டிராப்பரின் அலகும் 3 அங்குலத்தைத் தாண்டும். பீனட் தாராளமாக வரும்.

முதல் வாங்கலுக்கு நான் சொல்வது இரண்டு கத்தி. ஒன்று விக்டோரினாக்ஸின் கேடட், 84 மில்லிமீட்டர், பள்ளம் அச்சடித்த அலுமினியப் பிடி. துருவும் விரிசலும் பற்றிய கவலை இல்லாமல் தினமும் பையில் கிடக்கலாம். இன்னொன்று எலும்புப் பிடி போட்ட கேஸ், நடுத்தர ஸ்டாக்மேனோ பீனட்டோ, குரோம் வனேடியம் எஃகில். விடுமுறை நாள்களில் அதை எடுத்துப் பழகுங்கள். ஆறேழு மாதம் கழித்து எலும்பின் மேடுகள் வெளுத்திருப்பது பிடித்திருந்தால், அதே வடிவத்தில் மஞ்சள் பிடியைத் தேடத் தொடங்கலாம்.